யாழ்ப்பாணத்தில் மலிவு விலைக்குப் பழைய மோட்டார் சைக்கிள் வாங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர், கொட்டில் மூலையில் ஆண்டுக்கணக்காகச் சாத்திக் கிடந்த மோட்டார் சைக்கிள்களும் துடைத்து எடுக்கப்பட்டு விலைக்கு வந்தன. அவற்றிற் பல, விற்பதற்காக அவசரத்தில் ஓட வைக்கப்பட்டவை. 2025 தொடக்கத்தில் இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டாலும் புதிய வண்டியின் விலை எட்டாதவர்கள் இன்னும் பழையதையே தேடுகிறார்கள். அவசரத்தில் திருத்தப்பட்ட அதே வண்டிகள்தான் இப்போது மூன்றாம், நான்காம் கைக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. நான் தொழில்முறைத் திருத்துநன் அல்லன். இருபது ஆண்டுகளாகப் பழைய வண்டிகளையே வைத்திருந்து, பெரும்பாலான வேலைகளை வீட்டு முற்றத்தில் நானே செய்து பழகியவன். உறவினரும் அயலவரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கான விடைகளே இவை.

எந்த வண்டியைத் தேடுவது?

எந்த வண்டிக்கு ஸ்ரான்லி வீதியில் உதிரிப்பாகம் கிடைக்கிறதோ, உங்கள் ஊர்க் கராச்சில் யாருக்கு எந்த வண்டி கைப்பழக்கமோ, அந்த வண்டியைத் தேடுங்கள். நமது பகுதியில் ஹொண்டா எம்.டி. 90, சி 90, சாலி ஆகியவை இன்றும் ஓடுவதற்குக் காரணம் அவற்றின் எளிமை: ஒரே சிலிண்டர், சிறிய காபரேற்றர், நான்கைந்து ஸ்பானர்களால் கழற்றிவிடக்கூடிய எஞ்சின். இரட்டைச் சிலிண்டர் கொண்ட சி.டி. 125, சி.டி. 200 ஆகியவை ஓட்டுவதற்கு இனிமையானவை. ஆனால் ஒன்று பழுதாகும் இடத்தில் அவற்றில் இரண்டு உண்டு. இந்தியத் தயாரிப்புகளில் பஜாஜ் சி.ரி. 100, பிளற்றினா, ஹீரோ ஹொண்டா ஸ்பிளெண்டர் போன்ற நூறு சி.சி. வண்டிகள் அழகால் கவராவிட்டாலும், முதற் பழைய வண்டி வாங்குபவருக்கு நான் சொல்லுவது அவற்றைத்தான். யமஹா ஆர்.எக்ஸ். 100க்கு இன்றைக்கும் ஆசைப்படுபவர்கள் அதிகம். அந்த ஆசையே அதன் விலையை ஏற்றிவிட்டதால், மலிவு என்ற பேச்சுக்குள் அது வருவதில்லை.

உங்கள் சாரதி அனுமதிப்பத்திரத்தையும் எடுத்துப் பாருங்கள். ஏ 1 வகுப்பு மட்டும் உள்ளவர் நூறு சி.சி.க்கு மேற்பட்ட வண்டியை ஓட்ட முடியாது. அதற்கு ஏ வகுப்பு வேண்டும். 125ஐ வாங்கிய பின்னர் இதை அறிந்தவர்களை நான் கண்டிருக்கிறேன்.

வண்டியைப் பார்க்க எப்போது போவது?

காலையில், விற்பவர் அதை இயக்குவதற்கு முன்னர். "நான் வரும்வரை ஸ்ராட் பண்ண வேண்டாம்" என்று முதல் நாளே தொலைபேசியிற் சொல்லிவிடுங்கள். போனதும் வணக்கம் சொல்லிவிட்டு எஞ்சினில் கையை வையுங்கள். அது சூடாக இருந்தால் காரணம் கேளுங்கள். மனத்துக்குப் பொருந்தும் விடை வராவிட்டால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்புங்கள். பழைய வண்டியின் உண்மை நிலை, இரவு முழுவதும் ஆறிக் கிடந்த எஞ்சினை முதன்முதலில் உதைக்கும்போதுதான் வெளிப்படும். தேய்ந்த பிஸ்ரன் றிங்கும், இறுகிய வால்வும், காபரேற்றரில் பெற்றோல் வரும் துளையான ஜெற்றின் அடைப்பும், பொறி தரும் கொயிலின் வலுக்குறைவும் குளிரில் பெரும்பாலும் மறைந்துகொள்ள முடியாதவை. சோக்கை இழுத்து மூன்று நான்கு உதையில் இயங்கி, ஓரிரு நிமிடத்தில் சோக் இல்லாமலே நிதானமாக நிற்கும் வண்டி, துருப்பிடித்த மட்காட்டுடன் இருந்தாலும், பளபளக்கும் வர்ணத்துடன் பத்து உதை கேட்கும் வண்டியைவிட மேலானது.

பத்திரங்களில் எதைப் பார்ப்பது?

மற்ற எல்லாவற்றிலும் விட்டுக்கொடுக்கலாம். இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. வாகனப் பதிவுப் புத்தகம், அதாவது எல்லோரும் சீ.ஆர். என்று சொல்லுவது, மூலப் பிரதியாக இருக்க வேண்டும். அதிலுள்ள சசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் வண்டியில் அடிக்கப்பட்டுள்ள இலக்கங்களோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். கறள் மூடியிருந்தால் துணியும் மண்ணெண்ணெயும் கொண்டு துடைத்துப் பார்க்கலாம். அரத்தால் ராவிய அடையாளமோ, வரிசை கோணிய எழுத்துகளோ தெரிந்தால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள். நீண்ட யுத்தமும் இடப்பெயர்வுகளும் கண்ட மண்ணில் பத்திரம் தொலைந்த வண்டிகளும், ஒன்றின் எஞ்சினை மற்றொன்றுக்கு ஏற்றி ஓடிய வண்டிகளும் இருப்பது இயல்பு. எஞ்சின் மாற்றப்பட்டிருந்தால் அந்த மாற்றம் புத்தகத்திற் பதியப்பட்டிருக்க வேண்டும்.

குத்தகை நிறுவனம் ஒன்றின் பெயர் முழு உரிமையாளராகப் பதிவாகி இருந்தால், கடன் முடிந்து அப்பெயர் நீக்கப்படும் வரை பணம் கொடுக்க வேண்டாம். விற்பவர் பதிவுபெற்ற உரிமையாளராக இல்லாமல், முன்னொருவர் கையொப்பமிட்டுக் கொடுத்த திறந்த படிவத்தை வைத்திருப்பது இங்கே பெருவழக்கு. அந்த முன்னொருவர் வெளிநாடு போயிருக்கலாம், இறந்தும் இருக்கலாம். அப்படியானால் பெயர்மாற்றம் மிகவும் சிக்கலாகும். விற்பவர், வாங்குபவர் இருவரும் எம்.ரி.ஏ. 6, எம்.ரி.ஏ. 8 படிவங்களை நிரப்பி, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் உடனே ஒப்படைப்பதே ஒழுங்கு.

இவற்றோடு காப்புறுதி, புகைப் பரிசோதனைச் சான்றிதழ், ஆண்டு வருமான அனுமதிப்பத்திரம் ஆகிய மூன்றையும் கேளுங்கள். அனுமதிப்பத்திரம் சில ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படாமல் இருந்தால், நிலுவையும் தண்டமும் பிரதேச செயலகத்தில் உங்கள் தலையில் விழும். விலை பேசும்போதே அத்தொகையைக் கேட்டறிந்து கழித்துக்கொள்ளுங்கள்.

கறள் எவ்வளவு வரை ஏற்கத்தக்கது?

தாங்கியின் வெளிப்புறம், மட்காட், சைலன்சர், கைபிடிக் கம்பி ஆகியவற்றின் கறள் விலையைக் குறைக்க உதவும். அதற்கு மேல் அஞ்சத் தேவையில்லை. சட்டகத்தின் கறள் வேறு விடயம். எம்.டி. 90, சி 90 ஆகியவற்றின் சட்டகம் தகட்டை அழுத்திச் செய்யப்பட்டது. அது உள்ளிருந்து அரிக்கும். ஆசனத்தைத் தூக்கி, பற்றரி வைக்கும் இடத்தையும், பின் சொக் எப்சோபர் பூட்டப்படும் இடத்தையும், பின் மட்காட்டின் உட்புறத்தையும் திருப்புளியின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். "டங்" என்ற ஒலி "தொப்" என்று மாறும் இடத்தில் வர்ணத்தின் கீழ் பசையோ உதிர்ந்த தகடோ இருக்கிறது.

வண்டி எந்த ஊரிற் கிடந்தது என்பதையும் கேளுங்கள். பண்ணைப் பாலத்தாலோ பொன்னாலைப் பாலத்தாலோ தினமும் போய்வந்த வண்டிக்கும், இணுவிலிலோ உரும்பிராயிலோ தோட்டவெளிகளுக்குள் ஓடிய வண்டிக்கும் வேறுபாடு அதிகம். முன்னதைக் கடற்காற்று உப்பு அரிக்கிறது. பின்னதைச் செம்மண் தூசு எயார் பில்ரர் வழியாக உட்புகுந்து சிலிண்டரைத் தேய்க்கிறது. ஒன்றின் சட்டகத்தையும் மற்றொன்றின் எஞ்சினையும் கூடுதலாகச் சந்தேகியுங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது எதைக் கவனிப்பது?

நேரான, ஆளில்லாத வீதியில் ஒரு நண்பரை ஓட்டச் சொல்லி, நீங்கள் பின்னால் நின்று பாருங்கள். முன்சில்லும் பின்சில்லும் ஒரே கோட்டில் ஓட வேண்டும். பின்னர் நீங்கள் ஓட்டும்போது ஒவ்வொரு கியரிலும் ஒரு முறை ஏறி, ஒரு முறை இறங்குங்கள். ஏதாவது கியர் இழுவையில் தானாக வெளியே துள்ளுமானால் கியர்ப்பெட்டியைப் பிரிக்க வேண்டியிருக்கும்; அதைப் பிரிப்பதென்றால் எஞ்சினையே இரண்டாகப் பிளப்பது என்று பொருள். நடு நிறுத்தியில் நிறுத்தி, முன்சில்லை நிலத்திலிருந்து தூக்கி, கைபிடியை மெதுவாக இருபுறமும் திருப்புங்கள். நடுவில் பள்ளத்தில் விழுவது போல் பிடித்தால் தலைப் பெயரிங் போய்விட்டது. பின் ஸ்பிறொக்கற்றில் செயினைப் பின்னோக்கி இழுத்துப் பாருங்கள். பல்லின் பாதி தெரியுமளவுக்குத் தூக்கினால் செயினையும் இரு ஸ்பிறொக்கற்றுகளையும் ஒன்றாக மாற்ற வேண்டும்.

"எஞ்சின் போர் செய்தது" என்கிறார்கள். அது நல்லதா?

யார், எப்போது, எந்த அளவுக்குச் செய்தார் என்பதைப் பொறுத்தது. சிலிண்டர் தேய்ந்தால் அதைச் சற்று அகலமாகக் குடைந்து பெரிய பிஸ்ரன் போடுவார்கள். பிஸ்ரன்கள் வழக்கமாக 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீற்றர் என்ற படிகளிற் பெரிதாகக் கிடைக்கும். கடைசிப் படியையும் தாண்டினால் சிலிண்டருக்குப் புதிய ஸ்லீவ் இறக்க வேண்டும். எனவே இப்போது எந்தப் படியில் நிற்கிறது என்று கேளுங்கள். விற்பவருக்குத் தெரியாவிட்டால், வேலை செய்த கராச்சின் பெயரையாவது கேட்டுப் போய் விசாரியுங்கள்.

இதற்கு நமது வண்டிகளுக்கே உரிய ஒரு பழங்கதையும் உண்டு. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் கிடைக்காமல், யாழ்ப்பாணத்தின் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு இயக்கி, சூடானதும் மண்ணெண்ணெயில் ஓட்டுவதை என் தகப்பனார் செய்ய, நான் விளக்குப் பிடித்து நின்றிருக்கிறேன். மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. எரியாத பகுதி சிலிண்டர்ச் சுவரில் உள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, எஞ்சின் ஒயிலையும் நீர்த்துப்போகச் செய்யும். அதன் ஒக்ரேன் குறைவென்பதால் இழுவையில் எஞ்சின் தட்டும். அந்த நாளில் அது பிழைப்புக்கான வழி. அந்தச் சாமர்த்தியத்தை நான் இன்றைக்கும் மதிக்கிறேன். ஆனால் அக்காலத்து வண்டியொன்றை இன்று வாங்குபவர், அதன் சிலிண்டர் குறைந்தது ஒரு முறையாவது குடையப்பட்டிருக்கும் என்று எடுத்துக்கொண்டே விலை பேச வேண்டும்.

வாங்கி வந்தவுடன் முதலிற் செய்ய வேண்டியது என்ன?

ஓட்டாதீர்கள். ஒரு சனி, ஞாயிறை அதற்கென ஒதுக்குங்கள். எஞ்சின் ஒயிலை இளஞ்சூட்டில் வடித்து, வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள். பால் நிறம் தெரிந்தால் நீர் கலந்திருக்கிறது. மினுங்கும் துகள் தெரிந்தால் உள்ளே உலோகம் அரைபடுகிறது. புதிய ஒயில் மோட்டார் சைக்கிளுக்கு உரியதாக, ஜாசோ எம்.ஏ. குறியுடன் இருக்கட்டும். இவ்வண்டிகளின் கிளச் அதே ஒயிலில் நனைந்து வேலை செய்வதால், உராய்வைக் குறைக்கும் சேர்மானங்கள் கொண்ட கார் ஒயில் கிளச்சை வழுக்கச் செய்யலாம். சி 90க்கு ஏறக்குறைய 0.8 லீற்றர் போதும். நிறைய ஊற்றுவது நன்மை என்று எண்ணி ஒரு லீற்றரையும் கவிழ்க்காதீர்கள்.

பிளக்கைப் புதிதாகப் போட்டு, 0.6 முதல் 0.7 மில்லிமீற்றர் இடைவெளி வைக்கலாம். பொயின்ற், அதாவது பொறிக்கான மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் தொடுமுனை, உள்ள வண்டியானால் அதன் இடைவெளி 0.3 முதல் 0.4 வரை. சி 90 எஞ்சினின் வால்வு இடைவெளி ஆறிய நிலையில் இரு வால்வுக்கும் 0.05 மில்லிமீற்றர். இது மயிரிழை அளவு. கண்ணால் மதிப்பிட முடியாது, அளவுத்தகடு வாங்குங்கள். தாங்கியிலுள்ள பழைய பெற்றோலை முழுவதும் வடித்துவிட்டு, உள்ளே கைவிளக்கு அடித்துப் பாருங்கள். எயார் பில்ரர் சிலவேளை இருக்கவே இருக்காது. முன்னைய சொந்தக்காரர் "இழுவை கூடும்" என்று கழற்றி எறிந்திருப்பார். அதைத் தேடி வாங்கிப் பூட்டுங்கள்.

இவ்வளவும் முடிந்த பின்னர் ஒரு கொப்பியில் திகதி, கிலோமீற்றர், மாற்றிய பொருள் ஆகியவற்றை எழுதுங்கள். பழைய வண்டியில் நம்மை அலைக்கழிப்பது வயது மட்டும் அன்று; முன்னைய கைகள் பாதியில் விட்ட திருத்தங்களே பெரிய தொல்லை. உங்கள் கையிலிருந்து தொடங்கும் கணக்காவது தெளிவாக இருக்கட்டும்.

உதைத்து உதைத்துப் பார்த்தும் இயங்கவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

எஞ்சினுக்கு மூன்று தேவை: எரிபொருள், தீப்பொறி, அமுக்கம். இந்த மூன்றில் எது இல்லை என்று அறியும் முன்னர் எந்தப் பாகத்தையும் வாங்காதீர்கள். நாலைந்து முறை உதைத்த உடனேயே பிளக்கைக் கழற்றுங்கள். அது உலர்ந்திருந்தால் பெற்றோல் உள்ளே வரவில்லை. நனைந்து மணந்தால் பெற்றோல் வருகிறது, பொறிதான் இல்லை, அல்லது பெற்றோல் மிகையாக வருகிறது. துடைத்த பிளக்கை அதன் மூடியில் செருகி, உலோகப் பகுதி சிலிண்டர்த் தலையில் நன்கு தொடும்படி, பிளக் துளையிலிருந்து விலக்கிப் பிடித்துக்கொண்டு உதையுங்கள். துளையால் வெளிவரும் ஆவி பற்றிக்கொள்ளும் என்பதால் இந்த விலகல் முக்கியம். நீலப்பொறி சுரீரென்று பாய்ந்தால் நல்லது. மஞ்சளாக மெலிந்திருந்தால் முதலில் பிளக் மூடியையும், பிறகு பொயின்ற்றையும் கண்டென்சரையும், இறுதியாகக் கொயிலையும் பாருங்கள். பற்றரியிலிருந்து பொறிக்கு மின்சாரம் எடுக்கும் வண்டிகளில் பற்றரி இறங்கினாலே பொறி மெலியும். எஞ்சின் சுழலும்போது தானே மின்சாரம் தரும் மக்னெற்றிலிருந்து எடுப்பவை செத்த பற்றரியோடும் இயங்கும். உங்களுடையது எந்த வகை என்பதை முன்கூட்டியே அறிந்து வைத்தால் பாதி வேலை குறையும்.

பெற்றோல் வரவில்லையென்றால் தாங்கியிலிருந்து கீழ்நோக்கி வாருங்கள்: திறப்புக் குழாய், வடி, குழாய், காபரேற்றரின் மிதவைக் கிண்ணம். கிண்ணத்தின் அடித் திருகைத் தளர்த்தினால் பெற்றோல் வடிய வேண்டும்; அதில் நீர்க் குமிழ்கள் உருண்டால் காரணம் கிடைத்துவிட்டது. அமுக்கத்தைக் கால் சொல்லும். கிக்கர் எதிர்ப்பின்றி இறங்கினால் வால்வு இடைவெளியைப் பாருங்கள். பின்னர் பிளக் துளையால் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மீண்டும் உதையுங்கள். எதிர்ப்புக் கூடினால் றிங் தேய்ந்திருக்கிறது. கூடாவிட்டால் வால்வில் கசிவு.

சோக் போட்டால் மட்டும் ஓடுகிறது. சோக்கை எடுத்தால் நின்றுவிடுகிறது.

நீண்ட காலம் நின்ற வண்டியில் நான் எதிர்பார்க்கும் முதற் கோளாறு இதுதான். பெற்றோல் மாதக்கணக்கில் கிடந்தால் ஆவியாகி, பிசினாக இறுகி, மெல்லோட்ட ஜெற்றின் நுண்துளையை அடைத்துவிடும். சோக் காற்றைக் குறைப்பதால் அந்தப் பற்றாக்குறை மறைகிறது. காபரேற்றரைக் கழற்றி, ஜெற்றுகளை வெளியே எடுத்து, காபரேற்றர்த் தூய்மைத் திரவத்தில் ஊறவிட்டு, காற்றடித்துத் துப்புரவாக்குங்கள். ஊசியால் குத்த வேண்டாம்; துளை அகன்றால் ஜெற்றே வீண். வயரிலிருந்து உரித்த ஒற்றைச் செப்பிழை போதும். காற்றுத் திருகை வெளியே எடுக்கும் முன், அது உள்ளே எத்தனை சுற்று இறங்குகிறது என்று எண்ணி எழுதி வைத்தால், மீண்டும் பூட்டும்போது தடுமாற்றம் இல்லை.

காபரேற்றர் சுத்தமாக இருந்தும் அதே குணம் தொடர்ந்தால், காபரேற்றருக்கும் சிலிண்டருக்கும் இடையிலுள்ள இணைப்பில் காற்றுக் கசிவைத் தேடுங்கள். எஞ்சின் ஓடும்போது அந்த இணைப்பில் சவர்க்கார நீரைத் தெளித்தால், கசிவுள்ள இடத்தில் எஞ்சினின் ஓட்டம் மாறும். சூடான எஞ்சினுக்கு அருகில் பெற்றோலைத் தெளித்துச் சோதிப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

பத்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு நின்றுவிடுகிறது. சற்று நேரத்தில் தானாகவே சரியாகிறது. ஏன்?

இது என் சொந்த வண்டியில் ஒரு மாதம் என்னை வருத்திய கோளாறு. வேலணைக்குப் போகும் வழியில் பண்ணைப் பாலத்தின் நடுவில் நிற்கும். கால் மணி நேரம் வெயிலில் காத்திருந்தால் ஓடும். ஒரு கராச்சில் கொயிலை மாற்றினார்கள். இன்னொன்றில் காபரேற்றரையே புதிதாகப் போட்டார்கள். இரண்டுக்கும் பணம் கொடுத்தேன். வண்டி அதே பாலத்தில் நின்றது. மூன்றாம் முறை, வலையோடு சைக்கிளில் வந்த முதியவர் ஒருவர் இறங்கி, "தம்பி, மூடியைத் திறந்து பாரும்" என்றார். திறந்ததும் "உஸ்" என்று காற்று உள்ளே இழுபட்டது. அடுத்த உதையில் வண்டி ஓடியது.

தாங்கி மூடியிலுள்ள காற்றுத்துளை தூசாலும் வர்ணத்தாலும் அடைபட்டிருந்தது. பெற்றோல் வெளியேறும் அளவுக்குக் காற்று உள்ளே வராவிட்டால் தாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகி, பெற்றோல் இறங்க மறுக்கும். மிதவைக் கிண்ணத்திலுள்ளது தீரும் வரை வண்டி ஓடும், பிறகு நிற்கும். நின்றபின் காற்று மெதுவாகக் கசிந்து உட்புகுவதால் மீண்டும் ஓடும். மூடியைத் திறந்ததும் குணமானால் நோய் இதுதான். குணமாகாவிட்டால் அடுத்த கேள்விக்கு வாருங்கள்.

சூடானதும் நின்று, ஆறும் வரை இயங்க மறுக்கிறது.

நின்ற அந்த இடத்திலேயே சோதிக்க வேண்டும். வீட்டுக்குத் தள்ளிவந்து ஆறிய பின்னர் சோதித்தால் எல்லாம் நன்றாகவே தெரியும். ஆகவே பிளக் ஸ்பானரையும் உபரி பிளக்கையும் ஆசனத்தின் கீழ் வைத்திருங்கள். சூட்டில் பொறி இல்லையென்றால் கொயில், கண்டென்சர், அல்லது பொயின்ற்றுக்குப் பதிலாக மின்னணு முறையில் பொறி தரும் சி.டி.ஐ. வண்டியில் பல்சர் சுருள் சந்தேகத்துக்குரியது. சுருளின் காப்புறை சூட்டில் விரிந்து உள்ளே மின்சாரம் ஒழுகுகிறது. பொறி நன்றாக இருந்து கிக்கர் இலகுவாக இறங்கினால், வால்வு இடைவெளி மிகக் குறைவாக இருக்கிறது. சூட்டில் வால்வுத் தண்டு நீளுவதால் வால்வு முழுதாக மூடாமல் அமுக்கம் கசிகிறது. இப்படியே ஓட்டினால் வெளியேற்று வால்வு கருகிவிடும். வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் ரப்பெட் சத்தமில்லாமல் இருப்பது நல்லதென்று எண்ணி அதை இறுக்கிவிடுபவர்களால் வரும் கேடு இது. மெல்லிய "டிக் டிக்" ஒலி கேட்பதே ஆரோக்கியம்.

புகையின் நிறம் எதைச் சொல்லுகிறது?

நீலம் என்றால் ஒயில் எரிகிறது. காலையில் இயக்கியதும் சிறிது வந்து நின்றுவிட்டால் வால்வுத் தண்டின் சீல். இழுவையில் தொடர்ந்து வந்தால் றிங் அல்லது சிலிண்டர். கறுப்பு என்றால் பெற்றோல் மிகை: சோக் முழுதாகத் திறக்கவில்லை, எயார் பில்ரர் அடைபட்டிருக்கிறது, அல்லது மிதவை ஊசி தேய்ந்திருக்கிறது. குளிர்ந்த காலையில் வரும் மெல்லிய வெள்ளை வெறும் நீராவி. ஆர்.எக்ஸ். 100 போன்ற இரு வீச்சு (ரூ ஸ்ரோக்) எஞ்சின்கள் ஒயிலையும் சேர்த்தே எரிப்பதால் ஓரளவு புகைக்கும். ஆனால் அறவே புகைக்காத இரு வீச்சு எஞ்சினைக் கண்டால் மகிழாமல், ஒயில் பம்ப் வேலை செய்கிறதா என்று பாருங்கள். ஒயில் வராவிட்டால் பிஸ்ரன் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும்.

புகைப் பரிசோதனைத் தாளால் வேறு பயன் உண்டா?

உண்டு. பலர் சித்தி என்ற சொல்லைப் பார்த்துவிட்டு அதை மடித்து வைத்துவிடுகிறார்கள். பெற்றோல் வண்டியின் தாளில் காபன் மொனொக்சைட்டின் வீதமும் ஐதரோகாபனின் அளவும் அச்சாகியிருக்கும். முன்னது உயர்ந்திருந்தால் கலவையில் பெற்றோல் மிகை. முன்னது குறைந்து பின்னது மட்டும் உயர்ந்திருந்தால் பெற்றோல் எரியாமலே வெளியேறுகிறது: பொறி தவறுகிறது, அல்லது கலவையில் காற்று மிகை, அல்லது வால்வு கசிகிறது. ஆண்டுதோறும் தாள்களைச் சேர்த்து வைத்து ஒப்பிட்டால், எஞ்சின் எந்தத் திசையில் போகிறது என்பது தெரியும். வாங்கும்போது விற்பவரிடம் பழைய தாள்களையும் கேளுங்கள்.

சி.டி. 125 இழுவை குறைந்து நடுங்குகிறது.

இரண்டு சிலிண்டரில் ஒன்று வேலை செய்யவில்லை. குளிர்ந்த எஞ்சினை இயக்கி, அரை நிமிடத்தில் இரு புகைக்குழாய்களிலும் சிலிண்டருக்கு அருகே ஒரு துளி நீர் விடுங்கள். ஒன்றில் நீர் சீறும். செத்த சிலிண்டரின் குழாயில் வழிந்தோடும். இரு பிளக்குகளையும் இடம் மாற்றுங்கள். கோளாறும் இடம் மாறினால் பிளக்தான். மாறாவிட்டால் அந்தப் பக்கத்தின் மூடி, வயர், வால்வு என்று தொடருங்கள்.

கார்த்திகை மழையில் மட்டும் மக்கர் செய்கிறது.

இரவில், விளக்கில்லாத இடத்தில் எஞ்சினை இயக்கி, பிளக் வயர் மீது சிறிது நீர் தெளியுங்கள். வயரிலோ மூடியிலோ நீல நூல் போல் பொறி ஓடினால் மின்சாரம் அங்கே ஒழுகுகிறது, இரண்டையும் மாற்றுங்கள். பொயின்ற் மூடியின் காஸ்கற் கிழிந்திருந்தாலும் இதே குணம் காட்டும். வெள்ளம் நிற்கும் ஒழுங்கையில் எஞ்சினுக்குள் நீர் புகுந்து வண்டி நின்றுவிட்டால், பிளக்கைக் கழற்றாமல் உதைக்காதீர்கள். நீர் அமுங்காது, கொனெக்ரிங் றொட் வளைந்துவிடும். பிளக்கை எடுத்து, நீரை உதைத்து வெளியேற்றி, ஒயிலைப் பார்த்து, பால் நிறமானால் மாற்றிய பின்னரே இயக்குங்கள்.

எஞ்சின் உறுமுகிறது, வேகம் ஏறவில்லை.

கிளச் வழுக்குகிறது. முதலில் கிளச் கேபிளில் தளர்வு இருக்கிறதா என்று பாருங்கள், எம்.டி. 90, சி 90 வண்டிகளுக்குக் கிளச் பிடி இல்லாததால் எஞ்சினின் பக்க மூடியிலுள்ள திருகைச் சரிசெய்யுங்கள். அதிலும் தீராவிட்டால் கிளச் தட்டுகளை மாற்ற வேண்டும். எஞ்சினும் உறுமாமல் வேகமும் ஏறாவிட்டால், சில்லைத் தூக்கிச் சுழற்றி, பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். இரு வீச்சு வண்டியில் சைலன்சர் கரியால் அடைபடுவதும் உண்டு.

எந்த நிலையில் ஒரு வண்டியைத் திருத்தாமல் விட்டுவிட வேண்டும்?

கைபிடித் தலைக்கருகே சட்டகம் வெடித்திருந்தால், எஞ்சினின் அடிக்கூடு உடைந்து ஒட்டுவேலை செய்யப்பட்டிருந்தால், இலக்கம் ராவப்பட்டிருந்தால். இந்த மூன்றைத் தவிர மற்ற எதற்கும் நான் ஒரு வண்டியைக் கைவிட்டதில்லை. றொட் பெயரிங் போய் "டொக் டொக்" என்று ஆழமாகத் தட்டும் எஞ்சினைக்கூடப் பிரித்துச் சேர்க்கலாம். ஆனால் அந்தச் சத்தம் கேட்ட நிமிடமே நிறுத்தியிருக்க வேண்டும். வீடு வரைக்கும் ஓட்டிப் போய்விடலாம் என்று கொடிகாமத்திலிருந்து சாவகச்சேரி வரை ஓட்டினால், அந்தத் தூரத்துக்குள் அது அடிக்கூட்டையும் உடைத்துவிடும். இறங்கித் தள்ளுங்கள், அல்லது பெட்டி பூட்டிய இரு சில்லு உழவு இயந்திரமான லான்ட்மாஸ்ரர் ஒன்றை மறித்து ஏற்றுங்கள்.